ஏழு ஃபிலிம் டப்பாக்கள்

ஜூன் 4

அன்புள்ள தம்பி,

"பசங்க கணக்கைத் தப்பாப் போட்டா உங்களுக்குக் கோபமே வராதா அண்ணி?" என்று ஒரு நாள் கேட்டீர்கள். அப்போது நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாப்பாட்டு மேசை முழுவதும் விடைத்தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். உங்களுக்குத் தட்டு வைக்க இடமில்லாததால் கையில் ஏந்திக்கொண்டு சாப்பிட்டீர்கள். "எப்படித் தப்பாப் போட்டிருக்கான்னு முதல்ல பார்ப்போம், கோபம் அப்புறம் படலாம்" என்றேன். "அப்படின்னா உங்களுக்குக் கோபம் வர்றதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றீர்கள்.

அந்தக் கேள்வி இந்த வாரம் முழுவதும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டிலிருந்து போன் வந்தால் நீங்கள் எடுப்பதில்லை. பதினான்கு மாதம் ஆயிற்று. கடிதத்தை எடுக்காமல் விட முடியாது. தபால்காரர் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

என்னோடு வேலை பார்த்த பூகோளம் டீச்சர் போன வாரம் உங்கள் ஊர்ப்பக்கம் வந்தபோது உங்களிடம் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டாராம். படத்தைக் காட்டினார். ஒவ்வொரு புருவ முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. "நல்லாத்தான் எடுக்கறார், அப்புறம் ஏன் கடையை மூடறார்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த மாதம் முப்பதாம் தேதியோடு ஸ்டூடியோ மூடப்படும் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறீர்களாமே?

என் பணி நிறைவு விழாப் படங்களைப் பற்றி உங்கள் அண்ணன் சொன்னது தப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு படத்தில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதை எல்லார் முன்னாலும், "உன் கண்ணு எங்கடா இருந்துச்சு?" என்று கேட்டது தப்பு. அன்றைக்கே அவரிடம் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் அதற்காக முப்பது வருடமாக நடத்தும் கடையை யாராவது மூடுவார்களா?

காரணம் வேறு என்றால் எழுதுங்கள். கோபப்பட மாட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. பூகோளம் டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். படம் எடுக்கும்போதும் பேசிக்கொண்டே இருந்தார். நான்காவது முறைதான் வாயை மூடினார்.

கடையை மூடுவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முதுகு வலி. நாள் முழுக்க நிற்க முடியவில்லை.

இடமும் போதவில்லை. பழைய ஜூம் லென்ஸை விற்றுவிட்டு ஒரு பிரைம் லென்ஸ் வாங்கினேன், எண்பத்தைந்து எம்.எம். இது ஜூம் மாதிரி முன்னும் பின்னும் இழுக்காது. ஒரே பார்வைதான். கிட்டே வேண்டுமென்றால் நாம் கிட்டே போக வேண்டும், தள்ளி வேண்டுமென்றால் நாம் தள்ளிப் போக வேண்டும். ஒரு முகம் என்றால் பிரமாதம். ஒரு குடும்பம் வந்தால் என் பதினான்கு அடி அறையில் எங்கே போவது? கதவைத் திறந்து, சந்துக்கு அந்தப் பக்கம் போய், எதிர்க்கடைத் தையல்காரம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எடுக்கிறேன். அங்கிருந்து "கொஞ்சம் சிரிங்க" என்று கத்தினால், ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் சிரிக்கிறார்கள். குடும்பம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பல்புகளும் சரியில்லை. இப்போது வருகிற பல்பெல்லாம் பேருக்குத்தான் எரிகிறது. மூன்று மாதத்தில் இரண்டு முறை மாற்றிவிட்டேன். சாயங்காலம் ஆனால் அறை முழுக்க ஒரே மங்கல்.

மற்றபடி நலம். அண்ணனிடம் சொல்லுங்கள், என் கண் என் முகத்தில்தான் இருக்கிறது.

தம்பி


ஜூன் 12

அன்புள்ள தம்பி,

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை ஒரு காரணம் சொன்னால் நம்பிவிடுவேன். மூன்று காரணம் சொன்னால், நான்காவது ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். முதுகு, இடம், பல்பு. முதுகு வலிக்கிறவர் சந்துக்கு அந்தப் பக்கம் ஓடி ஓடிப் படம் எடுக்க மாட்டார். இடம் போதவில்லை என்றால் லென்ஸைத்தான் மாற்ற வேண்டும். அதற்காகக் கடையை மூட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் படித்துச் சிரித்தேன்.

பல்பைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

மாமாவும் பல்பைத்தான் மாற்றினார். உங்களுக்குத் தெரிந்திருக்காது, உங்கள் அப்பாவுக்கு அது தொடங்கியபோது நீங்கள் வெளியூரில் வேலையில் இருந்தீர்கள். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, அப்புறம் மறுபடியும் கூடத்தில். "இந்தக் கம்பெனிக்காரன் ஏமாத்தறான்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். ஒரு நாள் சாயங்காலம் கதவின் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். மருத்துவரிடம் போனபோது பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது என்று சொன்னார்கள்.

ஆகவே நேராகவே கேட்கிறேன். கண்ணா?

அண்ணி


ஜூன் 16

அண்ணி,

ஆமாம்.

இதை எழுத நான்கு தாள் கிழித்தேன்.

பகலில் ஸ்டூடியோ விளக்கெல்லாம் போட்டு எடுக்கிற பாஸ்போர்ட் படங்கள் நன்றாகத்தான் வருகின்றன. நீங்களே பார்த்தீர்கள். வெளிச்சம் குறைந்தால் எல்லாம் போய்விடுகிறது. பிறந்தநாள், கூட்டம், சாயங்கால விசேஷம் என்று எதை எடுத்தாலும் முகம் மங்கலாக வருகிறது. ஒரு வருடமாக அந்த வேலைகளை ஒத்துக்கொள்வதே இல்லை. எடுத்தவற்றை அழித்துவிட்டேன். அப்பாவுக்கும் சாயங்காலத்தில்தான் தொடங்கியது. பகலில் அவர் எல்லாரையும்விட நன்றாகப் பார்த்தார்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். தெரியாத வரைக்கும் அது சந்தேகம்தானே? போய்விட்டால் நிச்சயமாகிவிடும். போட்டோகிராபர் குருடாகிவிட்டான் என்று ஊர் சொல்வதற்கு முன்னால், முதுகு வலி என்று நானே மூடிவிட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன. அந்த லென்ஸை உங்கள் விழாவுக்காகத்தான் வாங்கினேன். ஃபிளாஷ் அடித்தால் உங்களுக்குத் தலைவலி வரும். உங்கள் பள்ளி அரங்கு இருட்டு. இந்த லென்ஸ் எஃப் 1.8 வரைக்கும் திறக்கும். அவ்வளவு அகலமாகத் திறந்தால் ஃபிளாஷ் இல்லாமலே எடுக்கலாம். அண்ணி ஒரு முறைகூடக் கண்ணைச் சுருக்காமல் அத்தனை படமும் எடுத்துக் காட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டு, எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்களே, அதற்குப் பிறகு அந்தப் படங்களை நான் திறக்கவே இல்லை.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம். இது மட்டும் செய்யுங்கள்.

தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பி,

அண்ணனிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். ஒரு டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நீங்கள் திறக்காத படங்களை நான் திறந்தேன். மூன்று நாளாக இதுதான் வேலை. ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கி, எது மங்கல் என்று பார்ப்பதற்குப் பதிலாக, எது தெளிவு என்று தேடினேன். நாம் யாருமே அன்றைக்கு அதைத் தேடவில்லை, கவனித்தீர்களா? என் மூக்கையும் கண்ணையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டோம்.

நாற்பது படங்களுக்கு ஒரு அட்டவணை போட்டேன். தலைமை ஆசிரியை மாலை போடும் படத்தில் என் கண் மங்கல். ஆனால் காதுத் தோடு, கல்லை எண்ணலாம். நான் பேசும் படத்தில் முகம் மங்கல். கொண்டையில் செருகிய கிளிப்பின் பல் தெரிகிறது. உங்கள் அண்ணன் முதல் வரிசையில் கொட்டாவி விடும் படத்தில், கொட்டாவி மங்கல் (நல்லதாகப் போயிற்று), அவர் நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் எழுதியிருக்கும் பள்ளியின் பெயர் பளிச்சென்று இருக்கிறது. நாற்பதில் முப்பத்தேழு படங்களில் தெளிவு கண்ணுக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. ஒன்றில்கூட முன்னால் விழவில்லை.

என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவன் கழித்தல் கணக்கு பத்து போட்டால் பத்தும் தப்பு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தப்பு. அவனைப் பார்த்தால் எனக்குக் கவலை. தூங்கினானா, சாப்பிட்டானா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரிப்பேன். இன்னொருத்திக்கும் பத்தும் தப்பு. ஆனால் எல்லாவற்றிலும் கடன் வாங்காமல், பெரிய இலக்கத்திலிருந்துதான் சின்னதைக் கழிப்பாள், எது மேலே இருந்தாலும் சரி. அவளைப் பார்த்தால் கவலையே இல்லை. ஒரே ஒரு இடத்தில் ஒரே ஒரு திருகு பிசகியிருக்கிறது. கண்டுபிடித்துத் திருப்பிவிட்டால் பத்தும் சரியாகிவிடும். உங்கள் படங்கள் அந்தப் பெண்ணின் விடைத்தாள் மாதிரி இருக்கின்றன.

பார்வை மங்கிய ஒருவர் எடுத்தால் குறி ஒரு தடவை முன்னால் போகும், ஒரு தடவை பின்னால் போகும். எப்போதும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு பின்னால் போகாது. அதுவும், குறியைப் பிடிப்பது உங்கள் கண்ணே இல்லையே? பொத்தானைப் பாதி அழுத்தினால் காமிரா 'பீப்' என்கிறது, அது தானாகவே பிடிக்கிறது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

அப்படியென்றால் பகலில் ஏன் சரியாக வருகிறது? இதற்குத்தான் நான் ஒரு நாள் முழுவதும் செலவழித்தேன். உங்கள் ஸ்டூடியோவில் எந்தத் திறப்பில் எடுக்கிறீர்கள்? எஃப் எட்டில். விளக்குகள் இருக்கின்றன, அதனால் சின்னத் திறப்பு போதும். ஆறேழு அடி தூரத்தில், எஃப் எட்டில், ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்துக்கு எல்லாம் தெளிவாக விழும். லென்ஸ் மூன்று விரல் பின்னால் தப்பாகப் பிடித்தாலும், அந்த ஒரு சாணுக்குள் கண்ணும் அடங்கிவிடும். யாருக்கும் தெரியாது. இருட்டில் எஃப் 1.8 வரை திறக்கிறீர்கள். அப்போது தெளிவு இரண்டு விரல் அகலம்தான். மூன்று விரல் பிசகினால் கண் வெளியே, காது உள்ளே.

பாருங்கள், இருட்டும் பெரிய திறப்பும் எப்போதும் கைகோத்துக்கொண்டே வந்திருக்கின்றன. நீங்கள் பழியை இருட்டின் மேல் போட்டீர்கள், இருட்டிலிருந்து கண்ணின் மேல், கண்ணிலிருந்து மாமாவின் மேல். நான் திறப்பின் மேல் போடுகிறேன். இரண்டில் எது என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் பிரிக்க வேண்டும். நல்ல வெயிலில், முழுவதும் திறந்து எடுங்கள். வெயிலில் சரியாக வந்தால் நான் தோற்றேன். வெயிலிலும் பின்னால் விழுந்தால் குற்றவாளி லென்ஸ்.

செய்முறை இதுதான். பழைய ஃபிலிம் டப்பாக்களை நீங்கள் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஏழு எடுத்து ஒன்று முதல் ஏழு வரை பெரிதாக எண் எழுதுங்கள். மேசையில் சாய்வாக அடுக்குங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டு விரல் பின்னால் தள்ளி இருக்க வேண்டும். காமிராவை ட்ரைபாடில், ஆறேழு அடி தள்ளி. நான்காவது டப்பாவைக் குறிவைத்து எடுங்கள்.

எடுத்த பிறகு, எந்த எண் அதிகத் தெளிவு என்று நீங்கள் ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். அதன் பிறகு தையல்காரம்மாவைக் கூப்பிட்டு அதே படத்தைக் காட்டிக் கேளுங்கள். நூலை ஊசியில் கோக்கிறவர் கண்ணை நான் நம்புவேன். உங்கள் தாளும் அவர் வாயும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு லென்ஸைவிட அதுதான் முக்கியம்.

ஒரு நிபந்தனை. என்ன வந்தாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். டப்பா எண்ணைப் படிப்பது கண் பரிசோதனை ஆகாது. மாமாவின் நோய் ஓரத்திலிருந்து உள்ளே வந்தது. நடுவில் வைத்த எழுத்தை அவர் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும் படித்தார்.

அண்ணி


ஜூன் 23

அண்ணி,

முதலில் கெட்ட செய்தி. ஏழும் ஒரே மாதிரி மங்கலாக வந்தன, பின்னால் இருந்தது எதுவும் தெளிவாக விழவில்லை. வெயிலில், முழுத் திறப்பில், ஏழும். நீங்கள் தோற்றீர்கள், என் கண் போய்விட்டது என்று முடிவு கட்டி, டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். "என்ன, பொம்மைக் கடை வெச்சிருக்கீங்க?" என்றார். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். ஜாக்கெட் சீட்டைப் படிப்பது போல ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"சாய்வா வைக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க எப்படி வெச்சீங்க?"

"வரிசையா."

"நேர் வரிசையாவா? ஏழும் ஒரே தூரத்துலயா? அப்படி வெச்சா ஏழும் ஒண்ணாத்தானே தெரியும்? முப்பது வருஷமா படம் எடுக்கறீங்க, என்னமோ போங்க."

கண்ணைப் பற்றிய பயத்தில் காதும் போய்விட்டது போலிருக்கிறது. படித்தது மண்டையில் ஏறவில்லை. அவரே தன் நாடாவை எடுத்து, இரண்டு விரல் இரண்டு விரலாக அளந்து, சாய்வாக அடுக்கினார். "தையல்ல இப்படி அளந்தா யாரும் குறை சொல்ல மாட்டாங்க" என்றார்.

நான்காவதைக் குறிவைத்தேன். பீப். எடுத்தேன். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். நான்கு மங்கல். ஐந்து சுமார். ஆறு... அண்ணி, ஆறாவது டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த தூசி தெரிந்தது.

ஆனால் அதை நம்பவில்லை. எனக்கு அப்படித் தெரிகிறது, அவ்வளவுதானே? தாளில் ஆறு என்று எழுதி மடித்து மேசையில் வைத்தேன். தையல்காரம்மாவை உட்காரச் சொன்னேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் தெரியுமா? ஒரு பட்டன் தைக்கிற நேரம். எனக்கு ஒரு கோட்டே தைத்த மாதிரி இருந்தது.

"ஆறு" என்றார். "ஆறுக்கு மேல தூசி வேற இருக்கு. தொடைக்க மாட்டீங்களா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் அழவில்லை. அவர் வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்புறம் இருவருமாகப் பத்துப் படம் எடுத்தோம். அவர் வாடிக்கையாளர்கள் வாசலில் காத்திருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் நான் தாளில் எழுதுவேன், அவர் வாயால் சொல்வார். ஒன்பது தடவை ஆறு, ஒரு தடவை ஐந்து. பத்திலும் என் தாளும் அவர் வாயும் ஒன்று. அலமாரியில் தூங்கிய பழைய ஐம்பது எம்.எம். லென்ஸைத் துடைத்து மாட்டினேன். அதே காமிரா, அதே டப்பா, அதே 1.8. நான்கு, நான்கு, நான்கு.

பதினான்கு மாதம் அண்ணி. ஒரு கண்ணாடித் துண்டு செய்த தப்புக்கு நான் அப்பாவை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

மருத்துவரிடம் போக இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 25

அன்புள்ள தம்பி,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று நினைவில்லை. அடுப்பில் எதுவும் இல்லை.

வாக்கை மீறிவிட்டேன், மன்னியுங்கள். நான் சொல்லவில்லை, அவர் கண்டுபிடித்தார். உங்களுக்கு எழுதும் முன்னால் இங்கே மேசையில் அவருடைய மாத்திரை டப்பாக்களைச் சாய்வாக அடுக்கிப் பார்த்திருந்தேன், இரண்டு விரல் இடைவெளி சரிவருமா என்று. "என் மாத்திரையெல்லாம் ஏன் அணிவகுப்பு நடத்துது?" என்று அப்போதே கேட்டார். மழுப்பினேன். இன்று நான் அடுப்பு எரியாத சமையலறையில் நிற்பதைப் பார்த்ததும், "தம்பிக்கு என்ன?" என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது.

எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து போய்த் தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். கண் மருத்துவமனைச் சீட்டுகள். ஆறு வருடம், வருடத்துக்கு ஒன்று. எனக்கே தெரியாது. ஒவ்வொரு வருடமும் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கு வருமோன்னு பயம். அன்னைக்கு அந்தப் படத்தையெல்லாம் பார்த்ததும், எனக்கு வரல, அவனுக்கு வந்துடுச்சுன்னு நெனச்சேன். பயத்துல வாய் என்னமோ சொல்லிடுச்சு" என்றார். "திட்டறதுக்குக் கேக்கல. நெஜமாவே கேட்டேன். கேட்ட விதம்தான் தப்பு."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், அந்தப் படங்களை மூன்று நாள் ஆராய்ந்தேன், இதை மட்டும் நான் ஆராயவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவர் வருகிறார். வேண்டாம் என்று எழுத நேரமில்லை. இந்தக் கடிதம் வருவதற்குள் அவரே வந்து நிற்பார்.

அண்ணி


ஜூன் 29

அண்ணி,

நீங்கள் சொன்னது போலவே, முதலில் அண்ணன் வந்தார், பிறகு கடிதம் வந்தது.

கதவைத் திறந்தால் அவர். குடையைக் கையில் வைத்துக்கொண்டு பல்பைப் பார்த்தார். "நல்லாத்தானே எரியுது" என்றார். நான், "உள்ள வாங்க" என்றேன். பதினான்கு மாதத்துச் சண்டை இவ்வளவில் முடிந்தது. நீங்கள் இன்னும் பெரிதாக எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான்.

மருத்துவமனையில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, ஓரங்களில் புள்ளி மினுக்கினால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முப்பது வருடம் ஷட்டரை அழுத்திய விரல், ஒன்றைக்கூட விடவில்லை. வெளியே அண்ணன் நர்ஸம்மாவிடம் நான்கு முறை, "முடிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறார். "உங்க பையனா?" என்று கேட்டாராம் அவர். அண்ணனுக்கு அதில் ஒரு வருத்தம்.

கண்ணின் அழுத்தம் சரியாக இருக்கிறது. நரம்பும் சரி. அப்பாவின் நோய் இல்லை. இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வருடம் ஒரு முறை வந்து காட்டுங்கள் என்றார் மருத்துவர். இனி நானும் அண்ணனும் ஒன்றாகவே வங்கிக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

திரும்பும் வழியில் லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் போனோம். படத்தைக் காட்டியதும் சிரித்தார். "லென்ஸும் நல்லதுதான், காமிராவும் நல்லதுதான். ரெண்டையும் சேர்த்து வெச்சா ஒத்துப்போகல. கொஞ்சம் திருத்தினா சரியாயிடும்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை அண்ணன்தான் கிழித்தார். பாதி வரவில்லை. "ஸ்டூடியோ மூட" என்பது போய், "ப்படும்" என்பது மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டட உரிமையாளர், "நீங்க போக மாட்டீங்கன்னு தெரியும், நான் ஆள் பார்க்கவே இல்ல" என்கிறார்.

சரி, இப்போது சொல்லுங்கள். எண்பத்தைந்து திருந்தி வந்துவிடும். ஆனால் குடும்பப் படத்துக்கு நான் எத்தனை நாள் தையல்காரம்மா மடியில் உட்காருவது? ஐம்பது போதுமா? இன்னும் ஒன்று வாங்க வேண்டுமா? ஊரில் லென்ஸ் வாங்குகிற பிள்ளைகளும் என்னைத்தான் கேட்கிறார்கள். கண்ணாடியில் தாள் கிழிந்த இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் ஏதாவது எழுதிக் கொடுத்தால் ஒட்டிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வேண்டாம், ஒன்று எடுப்போம்.

தம்பி


ஜூலை 10

அன்புள்ள தம்பி,

படம் வந்தது. மேசைக்கு மேலே மாட்டியாகிவிட்டது. ஆணி அடித்தது உங்கள் அண்ணன், அதனால் கொஞ்சம் சாய்வு. சாய்வாக இருந்தால்தான் எது தெளிவு என்று தெரியும் என்று சமாதானம் சொல்கிறார். என் கண்ணில் ஜன்னல் தெரிகிறது, ஜன்னலில் நீங்கள் காமிராவோடு குனிந்திருப்பது சின்னதாகத் தெரிகிறது. காது மங்கலாக இருக்கிறது. என் காது மங்கலாக இருப்பதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

லென்ஸ் கேள்விக்கு வருகிறேன். கையேட்டில் உங்கள் காமிராவில் படம் பதியும் சென்சாரின் அகலம் இருபத்துநான்கு எம்.எம். என்று போட்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்தபோது பார்த்து வைத்தேன். லென்ஸின் எண்ணை அந்த இருபத்துநான்கால் வகுத்துப் பாருங்கள். முப்பத்தைந்துக்கு ஏறக்குறைய ஒன்றரை. ஐம்பதுக்கு இரண்டு. எண்பத்தைந்துக்கு மூன்றரை. எடுக்க வேண்டிய காட்சி எத்தனை அடி அகலமோ, அதை அந்த விடையால் பெருக்கி, அத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்தால் ஏழு அடி. எண்பத்தைந்தில் இருபத்துநான்கரை அடி: தையல் மெஷின். ஐம்பதில் பதினான்கு அடி: உங்கள் அறையே அவ்வளவுதான், திரைச்சீலைக்கும் உங்களுக்கும் இடம் வேண்டாமா? முப்பத்தைந்தில் பத்தரை அடி. சுவரில் முதுகு படும், ஆனால் அடங்கும்.

ஆகவே குடும்பத்துக்கு முப்பத்தைந்து. ஒரு முகத்துக்கு எண்பத்தைந்தை வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போய் நெருக்காமல், ஆளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிற லென்ஸ் அது, முகம் முகமாகவே வருகிறது. ஐம்பதை விற்றுவிடாதீர்கள். சாட்சி சொன்ன லென்ஸ். பிள்ளைகள் யாராவது, "எந்த லென்ஸ் நல்ல லென்ஸ் அங்கிள்?" என்று கேட்டால், "உன் அறை எத்தனை அடி?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே பதில் வந்துவிடும்.

கண்ணாடியில் ஒட்ட ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். நான்கு வரிதான். பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், அந்த "ப்படும்" மறைகிற மாதிரி.

புதிய லென்ஸ் வாங்கியவர் கவனத்துக்கு: ஏழு டப்பாக்களில் எண் எழுதி, ஒவ்வொன்றும் இரண்டு விரல் பின்னால் இருக்கும்படி சாய்வாக அடுக்குங்கள். நல்ல வெளிச்சத்தில், லென்ஸை முழுவதும் திறந்து, நான்காவதைக் குறிவைத்து ஒரு படம் எடுங்கள். எந்த எண் தெளிவோ அதைத் தாளில் எழுதி மடித்து வையுங்கள். பிறகு எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அண்ணி